இருவர் கூடினால் கூட்டம்!

"குடி குடியைக் கெடுக்கும்"—இந்தப் பழமொழியை அறியாத குடிகாரன் நாட்டிலே ஒருவன்கூட இல்லை. படித்தவனும் அறிவான், பாமரனும் அறிவான். மேடையிலே நாம் அதை முழங்கும்போது முன்வரிசையிலே நின்று கை தட்டுபவனும் அவன்தான். கூட்டம் கலைந்ததும் கடையை நோக்கி நடப்பவனும் அவன்தான்! அறியாமல் குடிக்கிறான் என்றால் அறிவுரை போதும். அறிந்தும் குடிக்கிறானே, அழுதுகொண்டே குடிக்கிறானே, அவனுக்கு என்ன வழி?

தோழர்களே! அந்தக் கேள்விக்கு விடை தேடவே இன்று எழுதுகிறேன். ஊருக்கு உபதேசம் செய்ய அல்ல. நம்மோடு பெஞ்சிலே உட்காருகிறவன், சுவரொட்டிக்குப் பசை காய்ச்சுகிறவன், கொடிக்கம்பத்துக்குக் குழி வெட்டுகிறவன்—அவர்களிலே ஒருவனுக்காக எழுதுகிறேன். அவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

அஞ்செட்டியை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கடைக்கோடி. தேன்கனிக்கோட்டையிலிருந்து காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும் சாலை. யானை நடமாடும் காடு. அதற்கும் அப்பால் காவிரி. காவிரியின் அக்கரையிலே கன்னட நாடு. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே டீக்கடையிலே கலந்து ஒலிக்கும் ஊர். ராகியும் கொள்ளும் வானத்தை நம்பி விளைகிற மண். வானம் கைவிட்டால் வாலிபன் என்ன செய்வான்? ஓசூருக்கு பஸ் ஏறுவான். சிப்காட் தொழிற்பேட்டையிலே ஒப்பந்தக் கூலியாகச் சேருவான். நாலு பேரோடு ஒரு அறை; இரவு ஷிப்டு, பகல் ஷிப்டு; வாரம் ஒருமுறை ஊர்.

அப்படிப்பட்ட ஒருவரை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். பெயர் வேண்டாம். அந்தப் பெயர் நம்மில் எவர் பெயராகவும் இருக்கலாம்.

முதலிலே உடம்பு வலிக்காகக் குடித்தார். பிறகு தூக்கம் வருவதற்காகக் குடித்தார். அதற்கும் பிறகு, காலையிலே கை நடுங்காமல் இருப்பதற்காகக் குடித்தார்! சனிக்கிழமை ஊருக்கு வந்தால் வீட்டிலே என்ன பேச்சு?

"ஏங்க, இந்த மாசமாச்சும் பணத்தை அப்படியே கொண்டாந்து குடுங்க. பெரியவளுக்குப் பள்ளிக்கூடம் தொறக்கப் போவுது."

"புள்ளை தலைமேல சத்தியமா இனி தொடமாட்டேன், போதுமா?"

பொய் சொல்லவில்லை அந்த மனிதர். சொன்ன நேரத்திலே மனமாரத்தான் சொன்னார். இரண்டு நாள் காப்பாற்றவும் செய்தார். மூன்றாம் நாள் உடம்பு நடுங்கிற்று, வேர்த்தது, கண்ணுக்கு ஏதேதோ தெரிந்தது. நாலாம் நாள் கடை வாசலிலே நின்றார். ஊர் என்ன சொல்லிற்று? "சத்தியத்தை மீறிய சண்டாளன்!" என்றது. அவரும் தன்னைப்பற்றி அதையேதான் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே இன்னும் ஒரு கிளாஸ் ஊற்றிக்கொண்டார்.

இது நோய்

சண்டாளத்தனம் அல்ல, தோழர்களே, இது நோய்! நான் சொல்வதல்ல, மருத்துவம் சொல்கிறது. அமெரிக்க மருத்துவர் சங்கம் 1956-லேயே குடி அடிமைத்தனம் மருத்துவம் பார்க்கவேண்டிய நோய் என்று அறிவித்தது. நாள்தோறும் சாராயத்திலே ஊறிய மூளை, சாராயம் இருந்தால்தான் ஓடுகிற நிலைக்குத் தன்னை மாற்றிக்கொள்கிறது. திடீரென நிறுத்தினால் தறிகெட்டு ஓடுகிறது. நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம்—உயிருக்கே ஆபத்து வருவதுண்டு. ஆகவே, பல ஆண்டு நாள்தோறும் குடித்தவரை அறையிலே போட்டுப் பூட்டி "நிறுத்து" என்பது வீரமல்ல, விபரீதம். அவரை முதலிலே மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். நடுக்கத்தை அடக்க மருந்து உண்டு. வற்றிப்போன வைட்டமின் சத்தை ஊசி வழி ஏற்றுவதுண்டு. ஒன்றிரண்டு வாரத்திலே உடம்பு தெளிந்துவிடும்.

உடம்பு தெளிந்துவிடும், பிறகு? மருத்துவமனை வாசலைத் தாண்டி பஸ் நிலையத்துக்கு வந்தால் அதே கடை, அதே கூட்டாளி, அதே சம்பள நாள். அங்கேதான் பலர் மீண்டும் விழுகிறார்கள்.

எய்ம்ஸ் மருத்துவ நிலையம் மத்திய அரசுக்காக நடத்திய கணக்கெடுப்பு 2019-லே வெளிவந்தது. இந்தியாவிலே குடிப்பவர் ஏறத்தாழ 16 கோடி. குடிக்கு அடிமையானவர்களிலே 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மீதி 37 பேர்? சத்தியம் செய்துகொண்டும், மீறிக்கொண்டும், ஏச்சு வாங்கிக்கொண்டும் இருக்கிறார்கள்.

"சட்டம் போட்டு மூடிவிட்டால்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கும் நம் ஓசூர்ச் சீமையே சாட்சி சொல்லும். 1937 அக்டோபர் முதல் நாள், சென்னை மாகாணத்திலே முதன்முதல் மதுவிலக்கு வந்தது சேலம் மாவட்டத்திலே. அன்றைய சேலம் மாவட்டம் என்றால் இன்றைய கிருஷ்ணகிரியும் ஓசூரும் அஞ்செட்டிக் காடும் அடங்கியது! சட்டம் கொண்டுவந்த முதலமைச்சர் ராஜாஜி, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியிலே பிறந்தவர். 1948-லே மாகாணம் முழுவதும் விலக்கு வந்தது. 1971-லே தளர்ந்தது, 1974-லே மீண்டும் வந்தது, 1981-லே மறுபடி தளர்ந்தது. 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது. 2007-லே கர்நாடகம் சாராயத்தைத் தடை செய்தது. மறு ஆண்டு, 2008 மே மாதம், பெங்களூரைச் சுற்றியும் எல்லைக்கு இப்பால் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் விஷச் சாராயம் நூற்றுக்கும் மேற்பட்ட கூலிக்காரர்களைக் கொன்றது. 2024 ஜூனிலே கள்ளக்குறிச்சியிலே அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

கடை வேண்டுமா வேண்டாமா என்று வாதாடுவோம். அது அரசியல், அதற்கு மேடை உண்டு. ஆனால் கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், கை நடுங்குகிறவன் இன்று இரவு என்ன செய்வான்? அதற்கு விடை சொன்னவர்கள் அரசினர் அல்லர், அறிஞர் அல்லர், குடிகாரர்களே!

இரண்டு குடிகாரர்கள்

1935-ஆம் ஆண்டு மே மாதம். அமெரிக்காவிலே அக்ரன் என்ற ஊர். ரப்பர் டயர் செய்யும் ஆலைகள் நிறைந்த தொழில் நகரம்—நம் ஓசூர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஓர் ஓட்டல் கூடத்திலே பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத் தரகர் நிற்கிறார். குடியினால் தொழிலை இழந்தவர். குடியை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. வந்த வியாபாரம் தோற்றுவிட்டது. சட்டைப்பையிலே காசு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. கூடத்தின் ஒரு பக்கம் மதுக்கடை, அங்கிருந்து சிரிப்பொலி. மறு பக்கம் டெலிபோன்.

கால் எந்தப் பக்கம் இழுத்திருக்கும் என்று நம் தோழரைக் கேளுங்கள், சொல்வார். ஆனால் அந்த மனிதருக்கு ஒன்று தோன்றிற்று: "இந்த ஊரிலே என்னைப்போல் ஒரு குடிகாரன் இருப்பான். அவனோடு பேசினால் நான் பிழைத்துக்கொள்வேன்." டெலிபோனை எடுத்தார். பாதிரிமார்களின் பட்டியலைப் பார்த்து விசாரிக்கத் தொடங்கி, கடைசியிலே டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரின் முகவரி கிடைத்தது. அவரும் பெருங்குடியர். "பதினைந்து நிமிஷம்தான் பேசுவேன்" என்று வந்தவர், பல மணி நேரம் பேசினார்.

கவனியுங்கள்! பில் வில்சன் அந்த டாக்டருக்கு உபதேசம் செய்யவில்லை. ஈரல் கெடும் என்று டாக்டருக்கே பாடம் நடத்தவில்லை. தன் கதையைச் சொன்னார்: எப்படி ஒளித்துக் குடித்தேன், எப்படி மனைவியிடம் பொய் சொன்னேன், எப்படி விழுந்தேன் என்று. கேட்ட டாக்டர், "இவன் என் பாஷையிலே பேசுகிறான்" என்று உணர்ந்தார்.

அந்த டாக்டரும் உடனே திருந்திவிடவில்லை. ஒரு மாநாட்டுக்குப் போன இடத்திலே மீண்டும் குடித்தார், தள்ளாடித் திரும்பினார். பில் வில்சன் கோபித்துக்கொண்டு ஓடவில்லை, கூடவே இருந்தார். 1935 ஜூன் 10 அன்று டாக்டர் கடைசியாகக் குடித்தார். அந்த நாளே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்த நாள். பெயர் சொல்லாத குடிநோயாளர்கள் என்று பொருள், சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். இருவரும் மருத்துவமனைக்குப் போய் மூன்றாவது ஆளைத் தேடினார்கள். நாலு ஆண்டிலே நூறு பேர் அளவுக்கு வளர்ந்தது. இன்று ஏறக்குறைய 180 நாடுகளிலே உண்டு. இந்தியாவிலே 1957 முதல் நடக்கிறது.

என்ன நடக்கும் அங்கே?

ஓர் அறை. நாற்காலிகள் வட்டமாக. குறித்த கிழமை, குறித்த நேரம். ஒரு மணி, ஒன்றரை மணி. ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்கிறார். தான் எப்படி இருந்தேன், என்ன நேர்ந்தது, இப்போது எப்படி இருக்கிறேன் என்று பேசுகிறார். மற்றவர்கள் கேட்கிறார்கள். குறுக்கே புத்தி சொல்வதில்லை. அடுத்தவர் பேசுகிறார். பேச விருப்பமில்லாதவர் சும்மா இருக்கலாம். முடிவிலே தேநீர்.

கட்டணம் இல்லை. தட்டு சுற்றி வரும். இருக்கிறவர் போடுவார், இல்லாதவர் போடவேண்டியதில்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் விதி. சேருவதற்குத் தகுதி ஒன்றே ஒன்று: குடியை விடவேண்டும் என்ற ஆசை. சாதி கேட்பதில்லை, கட்சி கேட்பதில்லை, சம்பளம் கேட்பதில்லை. அங்கே அதிகாரிக்கும் கூலிக்கும் ஒரே மாதிரி நாற்காலி!

"சாகும்வரை தொடமாட்டேன்" என்ற சத்தியமும் அங்கே கிடையாது. "இன்று ஒரு நாள் தொடமாட்டேன்"—அவ்வளவுதான். நாளை விடிந்தால் நாளைக்கு ஒரு நாள். பெரிய சத்தியம் செய்து சிறிய நாளிலே தோற்றவருக்கு, இந்தச் சிறிய கணக்கு கைக்கு அடங்குகிறது. முன்பே மீண்ட ஒருவர் புதியவருக்குத் துணையாக நிற்பார். இரவு பதினோரு மணிக்கு ஆசை எழுந்தால் அவருக்குப் போன் செய்யலாம். அவர் தூக்கம் கெட்டதே என்று சலிக்கமாட்டார். ஏனெனில், பேசினால் காப்பாற்றப்படுபவர் இருவர்!

நம் தோழர்களுக்கு ஓர் ஐயம் வரும். "அவர்களுடைய பன்னிரண்டு படிகளிலே கடவுள் என்ற சொல் வருகிறதாமே? பகுத்தறிவாளன் எப்படிப் போவான்?" வருகிறது, உண்மை. ஆனால் தொடக்க நாளிலேயே அங்கிருந்த நாத்திகர்கள் வாதாடி, "நாங்கள் புரிந்துகொண்டபடி" என்ற சொற்களைச் சேர்க்க வைத்தார்கள். என்னைவிடப் பெரிய சக்தி இந்தக் கூட்டம்தான் என்று எடுத்துக்கொண்டு வருகிற நாத்திகர் உலகெங்கும் உண்டு. பக்தர் பக்தராகவே வரட்டும், நாத்திகர் நாத்திகராகவே வரட்டும்.

"பேசினால் நோய் தீருமா?" இதுவும் நல்ல கேள்விதான். 2020-லே காக்ரேன் என்ற ஆராய்ச்சி அமைப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேர் பங்குகொண்டவற்றை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. குடியை அடியோடு விட்டு நிற்பதிலே, இந்தக் கூட்டங்களோடு இணைக்கும் முறையான சிகிச்சை மற்ற மனநலச் சிகிச்சைகளைவிட மேலாகவே பயன் தருகிறது என்று கண்டது. எல்லாரும் மீண்டார்கள் என்று சொல்லவில்லை. எந்த மருந்தும் அப்படிச் சொல்லாது. விழுந்தவர் மீண்டும் வந்தால் "வாருங்கள்" என்று நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். அது எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காத மருந்து.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு வழி காட்டியவர் உண்டு. சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் குடிநோய்க்குக் கணவரை இளம் வயதிலே பறிகொடுத்தவர். கண்ணீரோடு மூலையிலே உட்காராமல், 1980-லே சென்னையிலே டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். அதோடு நிற்கவில்லை. தஞ்சைத் தரணியிலே மஞ்சக்குடி என்ற சிற்றூருக்கே மருத்துவரையும் ஆலோசகரையும் அழைத்துச்சென்று, ஊர்க்காரர் ஒத்துழைப்போடு சிகிச்சை முகாம் நடத்திக்காட்டினார்கள். நோயாளி நகரத்துக்கு வரமுடியாவிட்டால் சிகிச்சை கிராமத்துக்குப் போகட்டும் என்ற பாடம் அது. அஞ்செட்டிக்கு வேண்டிய பாடம்!

அஞ்செட்டியிலிருந்து எப்படி?

இனி வேலைக்கு வருவோம். நம் தோழர் "சரி, போகிறேன்" என்று சொல்லிவிட்டார். எங்கே போவது?

முதலிலே, நாள்தோறும் குடிப்பவராயின் அரசு மருத்துவமனை. வெட்கப்படாமல் எவ்வளவு குடிக்கிறேன் என்ற உண்மையை மருத்துவரிடம் சொல்லவேண்டும். மேல் சிகிச்சை வேண்டுமானால், பெங்களூரிலே நிம்ஹான்ஸ் இருக்கிறது. அதன் வாசலே ஓசூர்ச் சாலையிலேதான் இருக்கிறது! குடிநோய்க்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு. மாநில எல்லை நோய்க்குத் தெரியாது, நாமும் பார்க்கவேண்டாம்.

இரண்டாவது, டெலிபோன். பில் வில்சனைக் காத்தது அதுதானே! மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் இல்லை. மனநல உதவிக்கு 14416; தமிழிலேயே பேசலாம். ஏ.ஏ. அமைப்பின் இந்திய இணையப் பக்கத்திலே ஊர்வாரியாகக் கூட்டங்களைத் தேடலாம். எந்தக் கிழமை, எந்த நேரம் என்று போன் செய்து உறுதி செய்துகொண்டு புறப்படுவது நல்லது. பஸ் கூலி செலவழித்துப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்தால், கால் கடைப்பக்கம் திரும்பும்.

மூன்றாவது, பஸ் இல்லாத இரவு. காட்டுச் சாலையிலே இரவு எட்டு மணிக்கு மேல் எங்கே போவது? கைபேசி வழியே நடக்கும் கூட்டங்கள் கொரோனா காலத்திலே, 2020-க்குப் பின், பெருகிவிட்டன. வீட்டுத் திண்ணையிலே உட்கார்ந்தே கேட்கலாம்.

நாலாவது, வீட்டார். குடிப்பவர் வர மறுத்தாலும் மனைவி போகலாம். குடிநோயாளரின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற கூட்டம் 1951 முதல் உண்டு. தொடங்கியவர் பில் வில்சனின் மனைவி லோயிஸ். "என்னால்தான் குடிக்கிறாரோ?" என்று மனம் புழுங்குகிற பெண்ணுக்கு, "இல்லையம்மா, நீ காரணம் அல்ல" என்று சொல்லும் இடம் அது.

ஐந்தாவது, நமக்கு நாமே. ஏ.ஏ. குழு தொடங்கத் தலைமையகத்திலிருந்து தாக்கீது வரவேண்டியதில்லை. குடியை விடுவதற்காக இரண்டு மூன்று குடிநோயாளர் கூடினாலே அது ஒரு குழு. அஞ்செட்டிக்கு வேண்டியது இரண்டே பேர்!

நம் வேலை என்ன?

இங்கேதான் தோழர்களே, நம் கையைக் கட்டிக்கொள்ளவேண்டிய இடம் வருகிறது. நமக்கு ஒரு வழக்கம் உண்டு. நல்ல காரியம் என்று கேட்டால் உடனே பந்தல், கொடி, ஒலிபெருக்கி, தலைவர் படம்! இங்கே அது உதவாது. நம் படிப்பகத்திலே, நம் கொடிக்குக் கீழே கூட்டம் வைத்தால் எதிர்க்கட்சிக்காரன் வருவானா? அவன் கையும் நடுங்குகிறதே! அவன் பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் திறக்கிறதே! ஆகவே பொது இடம் பாருங்கள். மாலையிலே சும்மா கிடக்கும் பள்ளி அறை, சமுதாயக் கூடம், எதுவானாலும் சரி. உரியவரிடம் பேசி அனுமதி வாங்குங்கள். விளக்கு எரிகிறதா, குடிதண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். சாவியைக் கொடுங்கள். பிறகு வெளியே வந்துவிடுங்கள்!

யார் உள்ளே போனார் என்று எண்ணாதீர்கள். படம் எடுத்துப் போடாதீர்கள். "நம் முயற்சியால் திருந்தியவர்" என்று மேடையிலே ஏற்றி மாலை போடாதீர்கள். பெயர் வெளிவராது என்ற நம்பிக்கையிலேதான் அவர் படியேறுகிறார். அதை உடைத்தால் அவரை உடைத்தோம்.

இன்னும் ஒன்று, கசப்பானது. தேர்தல் வேலைக்கு ஆள் சேர்க்கப் பாட்டில் காட்டுவது, ஊர்வலத்துக்குப் போன லாரியிலே பெட்டி ஏற்றுவது—எந்தக் கட்சியிலே இருந்தாலும் அது கேடு. நம்மிலே உண்டா என்று அவரவர் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்வோம். ஒரு கையாலே ஊற்றிவிட்டு மறு கையாலே தூக்கிவிட முடியாது.

வாரத்துக்கு ஒரு மாலை ஒருவர் ஓசூர்க் கூட்டத்துக்குப் போக நினைத்தால், "எங்கேப்பா?" என்று கேட்காமல் ஷிப்டு மாற்றிக்கொடுங்கள். முதல் தடவை தனியே போகக் கூச்சப்பட்டால் வாசல்வரை கூடப் போங்கள். "அண்ணா, நான் வெளியே டீக்கடையிலே இருக்கேன், முடிச்சுட்டு வாங்க"—இந்த ஒரு வாக்கியம், நாம் மேடையிலே பேசிய நூறு மதுவிலக்குச் சொற்பொழிவுக்குச் சமம்.

அந்த மனிதர் ஒருநாள் மீண்டால், நம்மிடம் வந்து நன்றி சொல்லவேண்டாம். அஞ்செட்டி பஸ்ஸிலே பக்கத்து இருக்கையிலே கை நடுங்க உட்கார்ந்திருக்கும் இன்னொருவரிடம் தன் கதையைச் சொல்லட்டும். இருவர் ஆயிற்று அல்லவா? அதுவே கூட்டம்!